வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்: ஒரே மாதிரி சம்பவம், ஊருக்கு ஒரு பிரிவு ஏன்?

இளவேனில் கேட்டது (கீழே பதில் சொல்லும் 'பிரிவு மூன்று', 'குறுக்கு விசாரணை', 'மணல்மேடு', 'துலாக்கோல்' எல்லாம் எழுதியவர்களின் புனைபெயர்கள்):

வெறுப்புக் குற்றச் சட்டம் என்று பேச்செடுத்தாலே அமெரிக்கா, பிரிட்டன் என்று போய்விடுகிறார்கள். நம்மிடம் அதற்கு மிக நெருக்கமானது 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான். அதைப் பற்றியே கேட்கிறேன்.

செய்திகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று உறுத்துகிறது. ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு அடிதடி. ஒன்றில் வன்கொடுமைப் பிரிவு போட்டு, முன்ஜாமீன்கூட இல்லாமல் ஆள் உள்ளே போகிறார். இன்னொன்று சாதாரணக் காய வழக்காகி காவல் நிலைய ஜாமீனில் முடிகிறது. இந்த வித்தியாசத்தை யார், எந்தக் கட்டத்தில் உண்டாக்குகிறார்கள்? சாதிதான் காரணம் என்று நீதிமன்றத்தில் எப்படி நிரூபிக்கிறார்கள்? ஒரு பக்கம் மட்டும் பாயும் சட்டம் நியாயமா? "பாதிக்குப் பாதி பொய் வழக்கு" என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை?

கட்சி கட்டிச் சண்டை வேண்டாம். பிரிவு, விதி, தீர்ப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிவு மூன்று:

இதை ஒரே சட்டமாக நினைத்தால் குழம்பிப் போவீர்கள். மூன்றாம் பிரிவுக்குள்ளேயே மூன்று வகைக் குற்றங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிரூபிக்க வேண்டியது வேறு.

முதல் வகையில் செயலே கொடுமை. உண்ணத் தகாததை வாயில் திணிப்பது, செருப்பு மாலை போடுவது, நிலத்தை வளைப்பது, பொதுவழியை மறிப்பது, கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது, செருப்புப் போட்டு நடக்கவோ வண்டி ஓட்டவோ விடாமல் செய்வது எல்லாம் இதில் வரும். இரண்டாவது வகை 3(1)(ஆர்), 3(1)(எஸ்): பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. இந்த இரண்டு வகைக்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை தண்டனை. மூன்றாவது வகை, வேறொரு குற்றத்தின் முதுகில் ஏறிக்கொள்வது. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றத்தின் மேல் 3(2)(வி) ஏறினால் ஆயுள். சட்டத்தின் அட்டவணையில் உள்ள சிறிய குற்றங்களின் மேல் 3(2)(வி-ஏ) ஏறும்.

இப்போது உங்கள் இரண்டு அடிதடிக்கு வருவோம். ஒருவர் இன்னொருவரைச் சாதி சொல்லித் திட்டி, கையால் அடித்து, "கொன்னுடுவேன்" என்று மிரட்டுகிறார். காவல் நிலையத்தில் வழக்கமாக விழும் வரிசை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351(2): ஆபாசத் திட்டு, காயம், மிரட்டல். பழைய தண்டனைச் சட்டக் கணக்கில் 294(பி), 323, 506(1). சாதி வசவை எழுத்தர் "ஆபாசமாகத் திட்டினார்" என்று எழுதினால் கதை அங்கேயே முடிந்தது. அந்த ஒரு சொல்தான் 3(1)(ஆர்), (எஸ்) இரண்டையும் சாப்பிடுகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காயமும் மிரட்டலும் அட்டவணையில் இருப்பதால் அவற்றின் மேல் வி-ஏ ஏறும். ஆபாசத் திட்டு அட்டவணையில் இல்லை, அதனால் அதன் மேல் ஏறாது. திட்டு மட்டும் நடந்த வழக்கில் சொன்ன வார்த்தை அப்படியே புகாரில் இல்லையென்றால் வன்கொடுமைச் சட்டத்தில் பிடிக்க ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே புகாரில் இருக்க வேண்டியவை: சொன்ன வார்த்தை வார்த்தைக்கு வார்த்தை, கொச்சையாக இருந்தாலும். நின்ற இடம், அது தெருவா, திண்ணையா, வீட்டுக்குள்ளா என்பது. பார்த்த வெளியாட்கள் பெயர். சொந்தக்காரர், கூட்டாளி மட்டும் போதாது. இருவரின் சாதி. எதிராளிக்கு நம்மை முன்பே தெரியும் என்பதும், எப்படித் தெரியும் என்பதும் (ஒரே ஊர், ஒரே வேலை, வாய்க்கால் பங்கு, எதுவானாலும்). இந்தக் கடைசி ஒன்றை யாரும் எழுதுவதில்லை. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 8(சி) அதன்மேல்தான் நிற்கிறது: பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரிந்தவர் என்றால் சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். தெரியாது என்று காட்டும் பாரம் எதிராளி தலையில்.

வாய்மொழிப் புகாரை எழுதிய பிறகு படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பிரிவு 4(2)ன் முதல் கடமை. "ஆபாசமாக" என்று எழுதியிருந்தால் அந்த நிமிடமே திருத்தச் சொல்லலாம். பிறகு கூடுதல் வாக்குமூலத்தில் சேர்த்தால், "முதல் புகாரில் ஏன் சொல்லவில்லை" என்பதே எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குச் சரியான பதில் பெரும்பாலும் கிடையாது.

அடுத்த ஓட்டை, சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கு மட்டும் நிலையத்தில் தரும் சீட்டு. எஃப்ஐஆர் போடாமல் ரசீதைக் கொடுத்து "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க" என்று அனுப்புவது. அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பும் ஒரு புகார் கொடுத்துவிடும். பிறகு வழக்கும் எதிர் வழக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 18ஏ தெளிவாகவே சொல்கிறது: எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லை. மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசைவில்லை என்றால் நேரே சிறப்பு நீதிமன்றம். 2016க்குப் பிறகு அந்த நீதிமன்றமே வழக்கை நேரடியாகக் கோப்பில் எடுக்கலாம்.

கடமை தவறும் அதிகாரிக்குப் பிரிவு 4ல் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் துறை விசாரணை பரிந்துரைத்தால்தான் வழக்கு. தன் ஆளைத் தானே விசாரிக்கும் துறை எவ்வளவு பரிந்துரைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சட்டம் சீராக அமலாகாததற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

குறுக்கு விசாரணை:

மேலே சொன்னது நிலைய வாசல் வரை. அதைத் தாண்டி வந்த வழக்குகள் எங்கே சாய்கின்றன என்று நான் சொல்கிறேன்.

நிரூபணக் கேள்விக்கு ஒரு தேதியை மனதில் வையுங்கள்: 26.1.2016. அதற்கு முன் 3(2)(வி), பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் "என்ற காரணத்தால்" குற்றம் நடந்திருக்க வேண்டும் என்றது. நிலத்தகராறு, பழைய பகை, காமம் என்று வேறு எந்தக் காரணம் எட்டிப் பார்த்தாலும் பிரிவு உதிர்ந்துவிடும். 2006ல் மகாராஷ்டிராவின் கயர்லாஞ்சியில் ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கும் இருவருக்கு ஆயுளும் கொடுத்தது. வன்கொடுமைப் பிரிவிலோ விடுதலை. 2010ல் உயர் நீதிமன்றமும் இது பழிவாங்கல், சாதி அல்ல என்ற பார்வையிலேயே நின்று, தூக்கை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. பழிவாங்கலும் சாதியும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்ற யோசனைக்கு அந்தப் பழைய வாசகத்தில் இடம் கிடைக்கவில்லை.

2016 திருத்தம் "என்ற காரணத்தால்" என்பதை எடுத்துவிட்டு "என்று தெரிந்தே" என்று வைத்தது. நோக்கத்திலிருந்து அறிவுக்கு மாறிவிட்டது. வெளிநாட்டு வெறுப்புக் குற்றச் சட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். மனதைத் தோண்ட வேண்டியதில்லை. தெரியும் என்று காட்டினால் போதும்.

ஆனால் சம்பவத் தேதிதான் எந்த வாசகம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஆந்திர வழக்கைப் பாருங்கள். பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீது 2011ல் நடந்த வன்முறை. குற்றவாளி அவருடைய சகோதரர்களுக்குப் பழக்கமானவர், வீட்டுக்கு வந்து போனவர். சாதி மட்டுமே ஒரே காரணமாக இருக்கத் தேவையில்லை, பாலினம், ஊனம், சாதி மூன்றும் பின்னிக் கிடக்கலாம் என்று நீதிமன்றம் விரிவாக எழுதியது. எழுதிவிட்டு, பழைய வாசகத்துக்குத் தேவையான சாட்சியம் பதிவில் இல்லை என்று 3(2)(வி) தண்டனையை மட்டும் நீக்கியது. பாலியல் வன்முறைக்கான ஆயுள் அப்படியே நின்றது. இதே சம்பவம் ஐந்து வருடம் தள்ளி நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். "ஒரே மாதிரி வழக்கு, வேறு முடிவு" என்று மக்கள் சொல்வதில் ஒரு பகுதி இந்தத் தேதிக் கோட்டால் வருவது. அதற்கு நீதிபதியைத் திட்டிப் பயனில்லை.

(ஆர்), (எஸ்) வழக்குகளின் கல்லறை "பொதுப் பார்வை". பொது இடமும் பொதுப் பார்வையும் ஒன்றல்ல என்று 2008லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. தனியார் வீட்டு வாசலாக இருந்தாலும் தெருவில் போகிறவர் பார்க்க முடிந்தால் அது பொதுப் பார்வை. நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் இல்லை. 2020ல் உத்தராகண்ட் வழக்கில் இப்படித்தான் பிரிவு ரத்தானது. 2025 ஜனவரியில் நம் திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றும் அதே வழியில் போனது. வருவாய்த் துறை ஊழியரை அவருடைய அலுவலக அறைக்குள் திட்டியதாகப் புகார். சக ஊழியர்கள் திட்டி முடிந்த பிறகுதான் வந்தார்கள் என்று புகாரிலேயே இருந்தது. வழக்கு ரத்து. ஆக, சாட்சி *எப்போது* வந்தார் என்ற ஒரு வரி பிரிவைக் காப்பாற்றும் அல்லது கொல்லும்.

இதைவிட எரிச்சலானவை தொழில்நுட்பத் தோல்விகள். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் விதி 7ன்படி டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், 60 நாளில் முடிக்க வேண்டும். பிரிவு 9ன் கீழ் அரசு தனி அறிவிக்கை போட்டிருந்தால் ஒழிய, ஆய்வாளர் விசாரித்துத் தாக்கல் செய்த வன்கொடுமைப் பிரிவு செல்லாது, மற்ற பிரிவுகள் மட்டும் தொடரும் என்று 2009ல் மத்தியப் பிரதேச வழக்கில் தீர்ந்துவிட்டது. டிஎஸ்பியே விசாரித்தாலும் அவரை நியமித்த எஸ்பியின் உத்தரவைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யாமல் விட்டுவிடுவார்கள். சாதிச் சான்றிதழும் இப்படித்தான். பாதிக்கப்பட்டவருடையதை வாங்குவார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியினர் *அல்ல* என்பதற்கான சான்றை மறந்துவிடுவார்கள். மூன்றாம் பிரிவின் முதல் வரியே "பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இல்லாத எவரும்" என்றுதான் தொடங்குகிறது. அது நிரூபணமாகவில்லையென்றால் மீதி எதுவும் நிற்காது. வட்டாட்சியரைச் சாட்சியாக அழைத்து இரண்டு சான்றையும் குறியீடு செய்ய அரை நாள் போதும். அந்த அரை நாளைச் செலவிடாமல் நாலு வருட வழக்கைத் தோற்கிறார்கள்.

மணல்மேடு:

ஒரு வரி சேர்க்கிறேன். ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் பேச்சைக் கேட்பது இந்தச் சட்டத்தின் பிரிவு 15ஏ-யின்படி கட்டாயம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, அறிவிப்பில்லாமல் கொடுத்த ஜாமீனையே ரத்து செய்தது. இது பல கிராமங்களில் இன்னும் தெரியாது. எதிராளி வெளியே வந்து தெருவில் நடக்கும்போதுதான் தெரிகிறது ஜாமீன் ஆனது.

துலாக்கோல்:

ஒருவழிச் சட்டம் நியாயமா என்ற கேள்விக்கு வெளியூர் ஒப்பீடு கொஞ்சம் உதவும்.

அமெரிக்கச் சட்டம் இருவழி. 1993ல் விஸ்கான்சின் வழக்கில் தண்டனை பெற்றவர் கறுப்பினத்தவர், அடிபட்டவன் 14 வயது வெள்ளைச் சிறுவன். அந்தக் காயக் குற்றத்துக்கு உச்ச தண்டனை 2 ஆண்டு, இனம் பார்த்து ஆளைத் தேர்ந்ததால் 7 வரை உயர்ந்தது, கிடைத்தது 4. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்றது. இனம் என்ற *தன்மையை* அந்தச் சட்டம் காக்கிறது, குறிப்பிட்ட *இனத்தை* அல்ல. நம் சட்டம் அந்த வேலைக்காக வந்ததே அல்ல. தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பு 17ஆம் கூறின் தொடர்ச்சி அது. தீண்டாமையே ஒருவழிப் பாதையாக இருக்கும்போது அதைத் தடுக்கும் சட்டமும் ஒருவழியாக இருப்பதில் தர்க்கப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பொதுவான அடிதடிக்குப் பொதுச் சட்டம் இரண்டு பக்கமும் இருக்கத்தான் செய்கிறது.

நியாயம் உண்மையில் உரசும் இடம் வேறு. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இரண்டு வாசல் வைத்திருக்கிறது: இனப் பகையால் செய்தது ஒன்று, செய்யும்போதோ அதையொட்டியோ இனப் பகையை *வெளிக்காட்டியது* மற்றொன்று. 2002ல் ஒரு வழக்கு: மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டது பற்றிய சண்டை, அதில் ஒருவர் இன வசவை வீசினார். கோபத்துக்குக் காரணம் வண்டிதானே என்ற வாதம் எடுபடவில்லை. வாயில் வந்தது வந்ததுதான். நம் நீதிமன்றங்களில் "அடிப்படை நிலத்தகராறு" என்ற வாதம் எவ்வளவு தூரம் போகிறது என்று குறுக்கு விசாரணை மேலே சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு 2024 ஆகஸ்டில் கேரள இணையச் செய்தி ஆசிரியர் வழக்கில், பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே அவமதித்தாலும் போதாது, சாதியை வைத்து இழிவுபடுத்தும் எண்ணம் வேண்டும் என்று (ஆர்) பிரிவுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆக 3(2)க்கு "தெரிந்தால் போதும்", 3(1)(ஆர்)க்கு "எண்ணமும் வேண்டும்". ஒரே சட்டத்துக்குள் இரண்டு அளவுகோல்.

அங்கேயும் எல்லாம் தங்கத் தராசு இல்லை. பிரிட்டனில் இனம், மதம் என்றால் தனிக் குற்றமாகவே வைத்து சாதாரணத் தாக்குதலின் உச்ச வரம்பை 2 ஆண்டாக உயர்த்தினார்கள். மாற்றுத்திறன், பாலின நாட்டம், திருநர் அடையாளம் மூன்றுக்கும் ஏற்கெனவே உள்ள வரம்புக்குள் தண்டனையைக் கூட்டலாம் என்பதோடு விட்டார்கள். எல்லாவற்றையும் சமமாக்குங்கள் என்று சட்ட ஆணையம் 2021 டிசம்பரில் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் எஃப்பிஐ திரட்டும் வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரம் உள்ளூர்க் காவல் துறைகள் விரும்பி அனுப்பினால்தான் உண்டு. அனுப்பாத நகரம் காகிதத்தில் அமைதிப் பூங்கா.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்க நியாயத்துக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சியில் கறுப்பினக் குடும்பத்தின் வீட்டைச் சுட்டவருக்கு, இன வெறுப்பு இருந்ததாக நீதிபதி தாமே முடிவு கட்டி, 10 ஆண்டு வரம்பைத் தாண்டி 12 கொடுத்தார். 2000ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதைத் தள்ளியது: உச்ச வரம்பைத் தாண்ட வைக்கும் வெறுப்பும் குற்றத்தின் ஒரு பகுதியே, அதையும் ஜூரியின் முன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நம் 8(சி) அனுமானம் இதற்கு நேர் எதிர்த்திசை. ஆனால் அது சாதி *தெரியும்* என்பதோடு நிற்கிறது; அடித்தார், கொன்றார் என்பதை அரசுத் தரப்பு வழக்கம்போல நிரூபித்தே ஆக வேண்டும்.

பிரிவு மூன்று:

பொய் வழக்குப் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நானே வருகிறேன்.

2022ல் நாடு முழுக்கப் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 57,582 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். காவல் துறை வழக்கை முடித்து வைக்கும் விதங்களை அந்த அறிக்கை தனித்தனிக் கட்டங்களில் போடும்: "பொய்", "பொருண்மைப் பிழை, சட்டப் பிழை அல்லது சிவில் தகராறு", "உண்மை, ஆனால் சாட்சியம் போதவில்லை". மேடையில் பேசுபவர் இந்த மூன்றையும் கூட்டி, அதன் மேல் நீதிமன்ற விடுதலைகளையும் சேர்த்து, மொத்தத்துக்கும் "பொய் வழக்கு" என்று பெயர் வைத்துவிடுகிறார். சாதிச் சான்றைக் குறியீடு செய்யாததால் வந்த விடுதலை எப்படிப் பொய் வழக்காகும்? சாட்சி பிறழ்ந்ததும் அப்படித்தான். சாட்சி சொல்பவர் நாளைக்கும் அதே நிலத்தில்தான் கூலிக்குப் போக வேண்டும். நாலு வருடம் கழித்துக் கூண்டேறுகிறார், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார்.

கால தாமதத்துக்கு வாச்சாத்தியைவிட வேறு சான்று வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய வன்முறை 1992ல், தீர்ப்பு 2011ல், 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்ற உறுதி. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. ஆரம்பத்தில் அதையும் பொய்ப் புகார் என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். வேலித் தகராறில் பெயர்ப் பட்டியலை நீட்டி, ஊரில் இல்லாதவரையும் சேர்ப்பது நடக்கிறது. பிரிவு 18 முன்ஜாமீனை அடைப்பதால் அப்படிச் சேர்க்கப்பட்டவருக்கு அடி பலம். உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் 20 தீர்ப்பு முன்விசாரணை வேண்டும், கைதுக்கு மேலதிகாரி அனுமதி வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டது. ஏப்ரல் 2ல் நாடு தழுவிய போராட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் அதை முறியடிக்க நாடாளுமன்றம் 18ஏ-வைச் சேர்த்தது, 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்ற தீர்ப்பு ஒரு சன்னலைத் திறந்து வைத்தது: புகாரைப் படித்த மாத்திரத்தில் இந்தச் சட்டத்தின் குற்றம் எதுவும் தெரியவில்லையென்றால் முன்ஜாமீன் தடை பொருந்தாது. ஆக, உண்மையிலேயே தவறாகச் சேர்க்கப்பட்டவர் "நான் நல்லவன்" என்று வாதாடிப் பயனில்லை. புகாரின் வரிகளை எடுத்து, தன் பெயருக்கு நேராக எந்தச் செயலும் இல்லை, அல்லது பொதுப் பார்வை இல்லை என்று காட்ட வேண்டும். கீழே மறுத்தால் 14ஏ-யின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

பணத்துக்காகப் புகார் என்ற பேச்சும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகையான தீருதவியின் அமைப்பைப் பார்த்தால் அதன் கனம் தெரியும். 2016 மத்திய விதிகளின்படி சாதி இழிவுக்கு 1 லட்சம்: எஃப்ஐஆரில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகையில் 50, தண்டனை வந்தால் மீதி 25. கொலைக்கு 8.25 லட்சம், பிரேதப் பரிசோதனையோடு பாதி, குற்றப்பத்திரிகையோடு பாதி. முதல் தவணை 25,000க்காக ஊரோடு பகைத்துக்கொண்டு வேலையும் குடிதண்ணீரும் போகட்டும் என்று எத்தனை பேர் கிளம்புவார்கள்?

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. "ஆபாசமாக" விஷயம் எனக்குப் புதிது. இரண்டு சந்தேகம் பாக்கி. மதம் மாறியவருக்கு இந்தச் சட்டம் உண்டா? மதத்தை வைத்துக் கும்பல் அடித்தால் எந்தச் சட்டம்? கடைசியாக, நம் மாவட்டத்தில் இது சீராக அமலாகிறதா என்று வெளியாள் ஒருவர் பார்க்க வழி இருக்கிறதா?

குறுக்கு விசாரணை:

மதம்: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானால் அந்த நிலை போய்விடும், அதோடு இந்தச் சட்டத்தின் காப்பும் போய்விடும். அதே தெரு, அதே வசவு, அண்ணன் தம்பி இருவர்; ஒருவருக்கு வன்கொடுமை வழக்கு, தேவாலயம் போகும் மற்றவருக்குச் சாதாரண வழக்கு. திட்டுகிறவன் மதச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திட்டுவதில்லை. பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை. இது போலீஸ் கோளாறு அல்ல, சட்டத்தின் வாசலிலேயே இருக்கும் கோணல்.

கும்பல் வன்முறை: 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 103(2). ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்தால் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். பட்டியலில் "மதம்" என்ற சொல் நேரடியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். "சமூகம்", "நம்பிக்கை", "அது போன்ற காரணம்" என்ற சொற்களுக்குள் வாதாடித்தான் நுழைக்க வேண்டும். நாலு பேர் என்றால் பிரிவே இல்லை, வெறும் கொலை. போதாததற்கு, "தெரிந்தே" என்ற எளிய அளவுகோல் இங்கே இல்லை, "காரணத்தால்" என்ற பழைய சுமையே திரும்பி வந்திருக்கிறது. கயர்லாஞ்சியில் நடந்த வாதம் இங்கே மறுபடி நடக்கும்.

வெறுப்புப் பேச்சுக்கு அதே சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, முன்பு தண்டனைச் சட்டத்தின் 153ஏ. எஃப்ஐஆர் போடலாம், ஆனால் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. யார் பேசினார், யார் ஆட்சியில் இருக்கிறார் என்பது அந்த அனுமதிக் கோப்பின் வேகத்தில் தெரிந்துவிடும். புகார் வராவிட்டாலும் தாமாகவே வழக்குப் போட வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோப்பின் வேகத்தை அந்த உத்தரவு தொடவில்லை.

மணல்மேடு:

மாவட்ட நிலவரம் பார்க்க ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) போதும். எஸ்பி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் தனித்தனி மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாள். "சட்டம் சரியாக அமலாகிறதா" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரு சொல்லில் பதில் வரும். கட்டம் போட்டுக் கேளுங்கள்: குற்ற எண், பதிவான தேதி, போட்ட பிரிவுகள், விசாரணை அதிகாரி நியமன உத்தரவின் தேதி, குற்றப்பத்திரிகைத் தேதி அல்லது முடித்து வைத்த காரணம். நல அலுவலரிடம் அதே குற்ற எண்களுக்குத் தீருதவித் தவணைத் தேதிகள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்தால் 60 நாள் தாண்டியவை எத்தனை, குற்றப்பத்திரிகை போயும் இரண்டாம் தவணை போகாதவை எத்தனை என்பது தெரியும்.

கூடவே விதி 17ன் கீழ் ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் கேளுங்கள். வருடத்துக்கு நாலு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெயர், முகவரி எதையும் கேட்காதீர்கள். தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் ஆர்டிஐ 8(1)(ஜே)-யைக் காட்டி மொத்த மனுவையும் மறுத்துவிடுவார்கள். குற்ற எண்ணும் தேதியும் இருந்தால் வேலை நடக்கும்.